மழைக்கு வெட்டு இல்லை

மூணு மணிக்கு எழும்பி
வாசலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பேன்.
நனைந்தால் திரும்பவும் பாய்.
குலசேகரத்துக்கு மேக்கே முந்நூற்றைம்பது ரப்பர் மரம்
அன்றைக்கு என்னைத் தேடாது.
கூலியும் தேடாது.
நான் இத்தனை தொடர் பார்த்ததெல்லாம் இப்படித்தான்.
ஆனி, ஆடி, பிறகு ஐப்பசி:
எனக்க படிப்பு மழைக்காலப் படிப்பு.

கணக்கு, தங்கச்சி மாப்பிள்ளை ஜெபினுக்கு உள்ளது.
தோகாவில் இருந்து மாசாமாசம் அவன் பணம் கட்டுகிறான்.
அவன் பெயர் போட்ட சதுரத்துக்குள்ளே நுழைந்து
நானும் ஒரு ஓரமாய் இருந்து பார்ப்பேன்.

முதலில் அந்தக் குளிர்நாட்டுப் போலீஸ் கதை.
எட்டு எபிசோடும் மழை.
பிணம் கிடைத்தது மழையில், அடக்கியது மழையில்.
நல்ல தொடர், குறை சொல்ல மாட்டேன்.
கொலைகாரனை மூணாவதிலேயே எனக்குத் தெரியும்,
அவன் ஒருத்தன்தான் வீட்டுக்குள் ஏறுமுன் செருப்பைத் துடைத்தான்.
ஆனால் அவ்வளவு மழையிலும்
ஒருத்தனுக்கும் ஒருநாள் சம்பளம் போகவில்லையே,
அது எப்படி என்று
எட்டாவதிலும் சொல்லவில்லை.

கொரியாக்காரப் பிள்ளைகள் கை பிடிக்கப் பதினோரு எபிசோடு.
றோஸ்லெட் அழுதாள்.
அழுது முடித்துவிட்டு
“பெண்ணு பார்க்க வந்தப்போ நீங்க
டீ கிளாஸைத்தானே பார்த்தீங்க” என்றாள்.
அந்தத் தொடரைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

சமையல் போட்டி ஒன்று.
நடுவர் வாயில் வைத்த மீன்குழம்பை
நாலுபேர் பார்க்கத் துப்பினார்.
வைத்தவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.
அணைத்துவிட்டேன்.
அந்த நேரத்துக்கு ரெண்டு மூடு மரச்சீனி பிடுங்கலாம்.

பிறகு ‘நம்ம ஊர்க் கதை’ என்று வந்ததே, அது.
நாயகன் உச்சி வெயிலில் பால் வெட்டுகிறான்!
இடதுமேலிருந்து வலதுகீழே இறங்க வேண்டிய கத்தி
தலைகீழாய் ஏறுகிறது.
சிரட்டை நிறைந்து வழிகிறது, பின்னால் வயலின்.
யாரோ ஒரு முதலாளியின் தோட்டத்தில்
உண்மையான மரத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள்.
அந்தப் பட்டை திரும்பி வர எட்டு வருஷம் ஆகும்.
எனக்கு ரெண்டு நேரம் சோறு இறங்கவில்லை.
பேச்சும் அப்படித்தான். ‘கேட்டியா, கேட்டியா’ என்று
வரிக்கு வரி.
நாங்கள் அவ்வளவு கேட்கமாட்டோம்.

ஜெபினுக்கு எந்தத் தொடரும் பத்தொன்பது நிமிஷம்.
படத்துக்கு அடியில் சிவப்புக் கோடு
அந்த இடத்தில் நிற்கும்,
அங்கே தூங்கிப் போயிருப்பான்.
அடுத்த நாள் அதிலிருந்து ஒரு விரற்கடை.
வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்று முழுசாய்.
ஷைனிக்கு அவன் போனில் சொல்வதைவிட
இந்தக் கோடு எனக்கு அதிகம் சொல்லும்,
எப்போது ஓவர்டைம், எப்போது காய்ச்சல்.

போன திங்கள் ராத்திரி
கடல்கொள்ளைக்காரர் தொடர் ஒன்றை அவன் தொட்டிருந்தான்.
செவ்வாய் மதியம் திறந்தால்
பத்து எபிசோடும் முழுச் சிவப்பு.
புதன்கிழமை இன்னொரு ஏழு.

போன் போட்டேன்.
“அந்தக் கப்பல் கதை எப்படி மாப்பிளே?”
“கொள்ளாம் மச்சான். முடிவுதான் கொஞ்சம் இழுவை.”
வேறொன்றும் நான் கேட்கவில்லை,
ஷைனி பக்கத்தில் ஷீட்டை உதறி
கொடியில் போட்டுக்கொண்டு நின்றாள்.
“சாப்பிட்டானா?” என்று மட்டும் கேட்டாள்.
சாப்பிட்டான் என்றேன்.

இங்கே ரெண்டு நாளாய் வெட்டு இல்லை.
ஓட்டின்மேல் ஒரே இரைச்சல்.
பத்தாவது எபிசோடைப் போட்டுப் பார்த்தேன்.
இழுவை ஒன்றும் இல்லை.
நல்லாத்தான் முடித்திருக்கிறார்கள்.

பிறகு அதே போனில்
தோகாவில் இன்றைக்கு மழையா என்று தேடினேன்.
நாற்பத்தொன்று டிகிரி.
தெளிந்த வானம்.